எடை மெஷினில் ஏறாத ஆள்

செப்டம்பர் 7, திங்கள்

இன்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எடையைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்களேன்" என்றார்.

"மெதுவாத்தானே டாக்டர் சொன்னேன்?"

"கரையில வலை இழுத்துட்டிருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்கக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சின்னப் பெண். திங்களும் வியாழனும் பஸ் ஏறி வந்து, எங்கள் உப்புக் காற்றில் தலைமுடியைப் பறிகொடுத்துவிட்டுப் போகிறது. எங்கள் தரும ஆஸ்பத்திரி முன்பு ஐஸ் கிடங்காக இருந்த கட்டடம். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மீன் வாசனை மட்டும் காலி செய்ய மாட்டேன் என்கிறது. ஒரே கூடம், நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் பெஞ்சு, எடை மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, நான். அந்தப் பக்கம் டாக்டரம்மா, மருந்து கொடுக்கிற சிஸ்டர். நான் இங்கிருந்து "எண்பத்திரண்டு!" என்று குரல் கொடுப்பேன், அவர் அங்கே எழுதிக்கொள்வார். பெஞ்சில் இருப்பவர்களும் மனதில் எழுதிக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு?

என்னை ஊரில் ரேடியோ என்பார்கள். கோபம் இல்லை. பேட்டரி தீராத ரேடியோ என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

இன்னொரு கூத்து. எங்கள் ஆண்கள் விடியும்போது கடலுக்குப் போனால் மாலையில்தான் கரை. ஆஸ்பத்திரியோ மதியமே பூட்டிவிடும். அதனால் புருஷனுக்கு முதுகு வலித்தால் பெண்டாட்டி வந்து குனிந்து காட்டி மாத்திரை வாங்கிப் போவாள். அவனுக்கு இருமல் என்றால் இவள் வந்து இருமுவாள், அதுவும் அவன் இருமுகிற மாதிரியே. டாக்டரம்மா வந்த புதிதில் இதைப் பார்த்து மிரண்டுபோய், "யாருக்கு நோயோ அவங்க வந்தாத்தான் மருந்து" என்று சட்டம் போட்டார். மறுவாரமே ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முதுகு வலி வந்துவிட்டது. அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? யாருக்கு என்ன கெடுதல்?

செப்டம்பர் 10, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்று அண்ணி வந்தாள். என் வீட்டுக்காரர் போகும் படகில் சுக்கான் பிடிப்பவர் நங்கூரம் அண்ணன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் நாலு பேர் சேர்ந்துதான் கிளப்ப வேண்டும், அதனால் அந்தப் பெயர். அவர் மனைவியைத்தான் அண்ணி என்கிறேன். அண்ணிக்கு வலிப்பு. ஒரு வருஷமாக மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போகிறாள். ஊருக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கக் கூடாது.

மெஷினில் ஏறினாள். நாற்பத்தைந்து. மெதுவாகத்தான் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம் ஒரு தாத்தாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். காது எனக்கு எப்போதும் அங்கேதான்.

"போன மாசம் வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர். ரெண்டு தடவை."

"வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. கண்ணு மேல போயிடுச்சு. மீசையெல்லாம் நுரை..."

பேச்சு நின்றது. டாக்டரம்மா குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம். கேட்கவில்லை. "இந்த எடைக்கு இந்த மாத்திரை போதுமே. நேரம் தவறாம சாப்பிடறீங்களா?" என்றார். "சாப்பிடறேன் டாக்டர்" என்றாள் அண்ணி.

மீசை.

தாத்தா "விடும்மா, கை செத்துப்போச்சு" என்று கத்திய பிறகுதான் நான் பட்டையை ஊதிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

அண்ணிக்கு ஏது மீசை? மீசை இருப்பது நங்கூரத்துக்கு. கதவு மிதியடி மாதிரி ஒரு மீசை. வலிப்பு அவருக்கு. நூறு கிலோ ஆளுக்கு வருகிற வலிப்புக்கு, நாற்பத்தைந்து கிலோவை ஏற்றி, எடை பார்த்து, கூவி, மாத்திரை கொடுத்திருக்கிறோம். மலைக்குக் குடை பிடித்த மாதிரி. அந்த நாற்பத்தைந்தைக் கூவியவள் நான்.

அந்த மனுஷன் கையில்தான் சுக்கான். அந்தப் படகில்தான் என் வீட்டுக்காரர் தினமும் போகிறார். கடலுக்குள் போகும் வாயில் இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு படகு போகிற இடைவெளி. அங்கே வைத்து அவருக்குக் கை இழுத்தால்?

செப்டம்பர் 11, வெள்ளி

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்று படகு போகவில்லை. மூச்சு விட்டேன்.

என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத் தலை ஈர விறகு மாதிரிப் புகைகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால்? அவர் கரையில் போய்க் கத்துவார். அதன்பிறகு நங்கூரத்தை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள், வலை தைக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பேசியது கரைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் ஒரு பெண்ணும் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். டாக்டரம்மாவிடம் சொன்னால்? அவர் அண்ணியைக் கேட்பார். அண்ணி இல்லை என்பாள், அப்புறம் வரவே மாட்டாள். இப்போது அரைகுறையாகப் போகிற மாத்திரையும் நின்றுபோகும்.

சொல்லாமல் இருந்தால்? அதை எழுத மாட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பனியனோடு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சும்மா கேட்கிற மாதிரி, "ஏங்க, நங்கூரம் அண்ணன் உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

வெட்டுகிற கை நின்றது. "அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். ஏன்?"

"இல்ல, இளைச்ச மாதிரி தெரிஞ்சார்."

"அவனா? நேத்து அவன் உக்காந்து பெஞ்சு உடைஞ்சிடுச்சு." சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு கை நகம் வெட்டாமலே.

செப்டம்பர் 14, திங்கள்

விடியற்காலை எனக்கு நெஞ்சு வலி. வரவழைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "என்னமோ பண்ணுதுங்க, இன்னைக்கு ஒரு நாள் இருங்களேன்" என்றேன். நடிப்பில் குறையே இல்லை.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இவர் எந்தக் காலேஜில் படித்தாரோ. "நாடி நல்லா ஓடுது. உன் வாய் மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார், "ஆஸ்பத்திரிக்குத்தானே போற, அங்கயே காட்டிக்க" என்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நடிப்புதான். ஆனால் அவர் போன பிறகும் வலி போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் எடையைப் பன்னிரண்டு என்பதற்குப் பதிலாக நூற்றிரண்டு என்றேன். டாக்டரம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஜன்னலில் கடல் தெரிகிற மாதிரி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஏன் என்று சிஸ்டர் கேட்டதற்கு "காத்து வரட்டும்னுதான்" என்றேன்.

செப்டம்பர் 17, வியாழன்

போய்விட்டேன் அண்ணி வீட்டுக்கு.

ஆஸ்பத்திரி பூட்டியதும் நேரே போனேன். அண்ணி கொடியில் அவருடைய சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை பாதிக் கொடியை அடைத்துக்கொண்டது. சுற்றிவளைத்துப் பேச எனக்கு எப்போதும் தெரியும், இன்று வரவில்லை.

"அண்ணி, வலிப்பு உங்களுக்கு இல்ல."

அவள் கையிலிருந்த கிளிப்பு கீழே விழுந்தது. "யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. மீசையெல்லாம் நுரைன்னு."

தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், பாவம். ஒரு நொடி அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. உடனே அவள் அந்த ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"நானே வலிப்புக்காரின்னு பேர் வாங்கிக்கிட்டேன். என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக்கூட என்னை அடுப்புப் பக்கம் விடல, எங்க விழுந்துடுவேனோன்னு. அது பரவாயில்ல. அவரைச் சொன்னா கடல்ல விட மாட்டாங்க."

"அண்ணி, மாத்திரை உங்க எடைக்குக் கொடுத்தது. அவருக்குப் பத்தாது."

"அதான் கடலுக்குப் போற அன்னைக்கு ரெண்டு கொடுக்கறேன். வீட்ல இருக்கிற அன்னைக்கு ஒண்ணும் கிடையாது. மாசம் ஓடணுமே."

இந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு இன்னும் வெறியோடு வரும் என்று சிஸ்டர் ஒவ்வொரு மாதமும் சொல்வதை நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் விடியலில் சுக்கானைப் பிடிக்கிறார். ஞாயிறு படகு போகவில்லை என்று நான் மூச்சு விட்டேனே.

"டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே அண்ணி. அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"டாக்டரம்மா சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியும். அவரையும் ஒருநாள் கூட்டிட்டு வந்தேன், வாசல் வரைக்கும். உள்ள நீ யாரோட எடையையோ கூவிட்டிருந்த. திரும்பிப் போயிட்டார்."

கீழே கிடந்த கிளிப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்? என் ஆள் ஆச்சே அந்தப் படகுல! நான் யாருக்குத் தலையாட்டறேன்?

செப்டம்பர் 18, வெள்ளி

காற்று. படகு போயிருக்கிறது. நாலு முறை கரைக்குப் போய் வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் நாலு பொய் சொன்னேன்.

செப்டம்பர் 21, திங்கள்

எழுதி வைக்க வேண்டும். வரிசையாக.

மற்றப் படகுகள் வந்துவிட்டன. எங்கள் படகு வரவில்லை. முதலில் நான் மட்டும் நின்றேன், அப்புறம் மற்றப் பெண்கள் வந்தார்கள். "இன்ஜினா இருக்கும்" என்றாள் ஒருத்தி. "மீன் நிறையக் கிடைச்சிருக்கும்" என்றாள் இன்னொருத்தி. நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து, "என்ன ரேடியோ, இன்னைக்கு நிலையம் மூடிட்டாங்களா?" என்றார்கள். அண்ணி தள்ளி நின்றாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் அலறிவிடுவோம்.

கடல் ஈயத் தட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு அலையும் ஒரு படகு மாதிரியே தூரத்தில் எழும்பி, பக்கத்தில் வந்து வெறும் அலையாகிப் படுத்தது. என் வாழ்நாளில் பேசியது அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள், இந்த ஒரு படகை மட்டும் கொடு என்று யாரிடமோ பேரம் பேசினேன். என்னிடம் விற்க வேறு என்ன இருக்கிறது?

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தெரிந்தது. பாறை இடைவெளிக்கு வந்தபோது படகு நேராக வரவில்லை, சாய்ந்து சாய்ந்து வந்தது. ஒரு பக்கம் பாறையில் உரசுகிற சத்தம் கரைவரை கேட்டது. பெண்கள் எல்லோரும் ஒன்றாக "ஐயோ" என்றார்கள். நான் சத்தமே போடவில்லை.

உள்ளே வந்துவிட்டது. சுக்கானில் என் வீட்டுக்காரர்! சைக்கிளையே ஒழுங்காக நிறுத்தத் தெரியாத மனுஷன். நங்கூரம் அண்ணன் தார்ப்பாய் மேல் படுத்துக் கிடந்தார். "கால் பிசகிடுச்சு" என்று சொல்லி நாலு பேர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணி பின்னாலேயே ஓடினாள்.

என்னவர் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்குகிற கையைப் பார்த்தேன். இரண்டு விரலில் ஆழமாகப் பல் தடம், ரத்தம் உறைந்து.

"என்னங்க இது?"

"மீன் கடிச்சிடுச்சு."

"எந்த மீனுக்குங்க முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு?"

நங்கூரம் அண்ணனின் முன்பற்களுக்கு நடுவே ஒரு ஜன்னலே வைக்கலாம். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு விடவே இல்லடீ. ஒண்ணு முடிஞ்சு கண்ணைத் தொறக்கிறதுக்குள்ள இன்னொண்ணு. நாக்கைக் கடிச்சிக்கிட்டான், அதான் விரலை வெச்சேன்."

"வலிப்பு வர்றப்ப வாயில எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே, உங்களுக்குச் சொல்லலையா?"

"நீ சொல்றதுல எதைக் கேக்கறது, எதை விடறது?"

அப்புறம் எல்லாம் வந்தது. ஒரு வருஷமாக அவர்களுக்குத் தெரியுமாம். படகில் இருக்கிற அத்தனை பேருக்கும். யாராவது ஒருத்தர் எப்போதும் அவர் பக்கத்திலேயே நிற்பார்களாம். இடுப்பில் ஒரு கயிறு கட்டிச் சுக்கான் கம்பத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பார்களாம். பாறை வரும்போது இன்னொரு கை கூடவே சுக்கானில் இருக்குமாம்.

"படகுல எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"உன்கிட்ட எப்படிடீ சொல்றது?" என்றார். திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பத்து நாளாகத் தெரியும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் கல்யாணத்தன்று பட்டுப் புடவையில் வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. "பத்து நாளா?" என்றார். "யார்கிட்டயும்?" என்றார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

காலையில் நானும் அவரும் நங்கூரம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். படுத்திருந்தார். நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது. அவ்வளவு பெரிய மனுஷன் என்னைப் பார்த்ததும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க நேரா வந்து எடை பார்த்தாத்தான் சரியான மாத்திரை கிடைக்கும். இல்லன்னா நீங்க மட்டும் போக மாட்டீங்க, படகோட போவீங்க. என் ஆளும் அதுல இருக்கார்."

போர்வைக்குள்ளிருந்து, "ஆஸ்பத்திரிக்கு வந்தா ஊருக்குத் தெரியும்" என்றார்.

"வியாழக்கிழமை நான் வரல" என்றேன். "லீவு. சிஸ்டரே எடை பார்ப்பாங்க. மதியம் பூட்டற நேரத்துக்குப் போங்க, பெஞ்சு காலியா இருக்கும். அதுவரைக்கும் எத்தனை மாத்திரை கொடுக்கறதுன்னு டாக்டரம்மாகிட்ட இன்னைக்கே சிஸ்டர் போன்ல கேட்டுடுவாங்க, யாருன்னு சொல்லாம. என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கவும் மாட்டேன்."

அண்ணியும் என்னவரும் என்னையே பார்த்தார்கள். அண்ணிதான் முதலில் போர்வையை விலக்கினாள்.

செப்டம்பர் 24, வியாழன்

ஊரில் ஒரு விஷயம் நடக்கிறது, நான் அங்கே இல்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

என்னவர் துணைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், சாப்பிட்டார். நான் அவர் வாயையே பார்த்தேன். கேட்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கிறேனே. டாக்டரம்மா அண்ணனைக் கடலுக்குப் போகலாம் என்றாரா, கூடாது என்றாரா? நாளைக்குச் சுக்கானில் யார்? இது கூடத் தெரியாமல் எப்படிப் படுப்பது?

"குழம்பு நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, வெள்ளி

விடியும்போதே கரையில் நின்றேன். படகு கிளம்பியது. நங்கூரம் அண்ணன் அதில் இல்லை. மணலில் கைகட்டி நின்று, படகு பாறை இடைவெளியைத் தாண்டும் வரை, "இடது! இன்னும் இடதுடா! கண்ணை எங்க வெச்சிருக்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். சுக்கானில் என் வீட்டுக்காரர். ஒரு பயம் இறங்கிப் போய் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. தாண்டிவிட்டது. அண்ணன் குரல் கட்டிப்போய் இருமினார்.

செப்டம்பர் 28, திங்கள்

எடை மெஷினைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். டாக்டரம்மா இனிமேல் வியாழனன்று ஆண்களுக்காக மாலை வரை இருந்து கடைசி பஸ்ஸில் போவாராம்.

"திடீர்னு ஏன் டாக்டர்?" என்றேன், பழக்க தோஷம்.

"அதை உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்க்கா." கொஞ்ச நேரம் கழித்து, "நான் போட்ட சட்டம்தான் தப்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 12, திங்கள்

மழைக் காற்று. போயிருக்கிறார்கள். வந்துவிட்டார்கள்.

அக்டோபர் 26, திங்கள்

இன்று பெஞ்சு நிறைந்திருந்தது. பேச்சு மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. நங்கூரம் ஏன் கடலுக்குப் போவதில்லை, நல்லாத்தானே இருந்தார், கரையில் உட்கார்ந்து வலை தைக்கிறாரே, கால் பிசகினதுக்கு இத்தனை நாளா, என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் எல்லாக் கண்ணும் என் மேல்.

பட்டையைச் சுற்றுகிற என் கை நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று அதனிடம் சொல்லிக்கொண்டே சுற்றினேன்.

"சொல்லு ரேடியோ, அவருக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மெஷினில் யாரோ ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. சிஸ்டர் எடையை டாக்டரம்மாவின் காதோடு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"இவளுக்கே தெரியலன்னா," என்றாள் பெஞ்சு ஓரத்தில் இருந்தவள், "ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம். சோம்பேறித்தனம்."

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார்கள்.